குடிகாரர் என்ற பெயரும் நம் பிள்ளைகளின் மாலை நேரமும்



இந்த ஆண்டு நினைவுப் பேருரையில் போதையைப் பற்றிப் பேசலாம் என்றபோது, நம் மன்றத்திலேயே சிலர் தயங்கினார்கள். "நிலம், கல்வி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கிறதே, இதைப் போய்ப் பேசுவானேன்? ஏற்கெனவே நம்மைக் குடிகாரர்கள் என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்டார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நாம் பேசாமல் இருந்த காலத்தில், நம் பிள்ளைகளின் போதையைப் பற்றிப் போலீஸ் பேசியது, தொலைக்காட்சி பேசியது, அறிவுரை சொல்ல வந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். அவர்கள் பேச்சால் ஒரு பிள்ளையும் மீளவில்லை. அதனால் இதை நாமே எடுத்துப் பேசுவது என்று முடிவு செய்தோம்.

எக்கியார்குப்பமும் கருணாபுரமும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கடலோரம் போனால் எக்கியார்குப்பம். 2023 மே மாதம் அங்கே விற்ற சாராயத்தைக் குடித்த மீனவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நடந்தன. இரண்டு இடங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஊரில் காய்ச்சிய சாராயம் அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறையே அறிவித்தது. ஓராண்டுக்குச் சற்றுப் பிறகு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள்.

இரண்டு முறையும் அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. இரண்டு முறையும் "குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம்?" என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் விஷத்தை விற்றவனைவிட வாங்கிக் குடித்தவனையே குற்றவாளியாகப் பார்த்தார்கள். 2024 ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. சாவுக்குப் பிறகு தண்டனை இருக்கிறது, சாவுக்கு முன்பு அறிவுரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளை முதல்முறை குடிக்கும் நாளிலிருந்து படுக்கையில் விழும் நாள் வரை பல ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவனுக்காக என்ன இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

மெத்தனாலைப் பற்றி ஒவ்வொரு ஊரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குடித்தவுடன் அது சாதாரணப் போதையாகவே தெரியும். பிறகு அது கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பையும் உயிரையும் அழிக்கிறது. இதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனி மூடியதுபோல் பார்வை மங்குவது ஆகியவை அறிகுறிகள். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்றும். "போதை தெளியட்டும்" என்று படுக்கப் போட்டுவிடுவதாலும், போலீஸ் வழக்குப் போடும் என்ற பயத்தில் மறைப்பதாலும் அந்த நேரம் கைவிட்டுப் போகிறது.

நம்மேல் ஒட்டிய பெயர்

2019இல் வெளிவந்த தேசிய ஆய்வை எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சைப் பிரிவு நடத்தியது. அதன்படி இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். 16 கோடிப் பேர் ஒரு சாதியாக இருக்க முடியாது. வசதியுள்ளவர் வீட்டுக்குள் குடிக்கிறார், கிளப்பில் குடிக்கிறார். ஈரல் கெட்டால் காப்பீடு இருக்கிறது. கூலிக்காரர் சாலையோரத்தில், வெறும் வயிற்றில் குடிக்கிறார். விடிவதற்குள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குடி எல்லாருக்கும் பொது. பெயர் மட்டும் நமக்கு.

இந்தக் கடற்கரையில் குடி நேற்று வந்ததும் அல்ல. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய பகுதியாக அறிஞர் பலர் கொள்கிறார்கள். அந்தப் பட்டினத்தில் நுளைமகளிர் வடித்த கள்ளும் சுட்ட மீனும் விருந்தாக வருகின்றன. அங்கே குடி விருந்தின் ஒரு பகுதி. இன்று அது உடம்பு வலிக்கான மருந்தாகிவிட்டது. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். இருட்டோடு எழுந்து போக வேண்டும். உப்பு நீரில் நின்று பாதம் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு ஏறும். வெயிலில் வெள்ளைப் பாத்தியின் ஒளி கண்ணைத் தின்னும். உப்பு வாரும் பலகையை இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போகும். மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வெறுமையை மழைக்கால நிவாரணம் முழுதாக நிரப்புவதில்லை. வேலை நாளில் வலிக்காகவும் வேலையற்ற நாளில் வெறுமைக்காகவும் குடிப்பவரிடம் ஒழுக்கம் போதித்துப் பயனில்லை.

கடையை மூடினால் போதுமா?

இது நம் இயக்கத்துக்குள்ளேயே நெடுநாள் விவாதம். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டது. அதன்பின் மூடுவதும் திறப்பதுமாகப் போய், 2003 இறுதியில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2022-23இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 44,121 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 45,855 கோடி. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டும் வருவாய் குறையவில்லை. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. வரவு செலவுக் கணக்கு வேறு பக்கம் போகிறது.

அண்ணல் அம்பேத்கர் இதில் எங்கே நிற்கிறார்? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் மக்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் இங்கே மீட்டெடுத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்திலும் அது உண்டு. ஆனால் 1951இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கை மதுவிலக்குச் சட்டத்தை நீக்கச் சொன்னது. கலால் வருவாய் போய்விடுகிறது, சட்டம் வந்தும் வீட்டுக்கு வீடு காய்ச்சத் தொடங்குகிறார்கள் என்பது அதன் வாதம். அதே அறிக்கை உப்பு வரியையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னது என்பதை உப்பளக் கரையில் நின்று நினைத்துப் பார்க்கலாம்.

இதில் முரண் ஏதும் இல்லை. குடியை விடுவது மனிதர் தம் மதிப்பைத் தாமே உயர்த்திக்கொள்ளும் செயல். அதைச் சட்டம் போலீஸை அனுப்பிச் செய்ய முயலும்போது வேறு விளைவுகள் வருகின்றன. 2016 முதல் முழு மதுவிலக்கு உள்ள பீகாரில், 2022 டிசம்பரில் சாப்ரா பகுதியில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கள்ளச் சாராயத்தால் இறந்தார்கள். கடைகள் திறந்திருந்த தமிழ்நாட்டில் கருணாபுரம் நடந்தது. கடையை மூடியும் சாவு வந்தது, திறந்தும் வந்தது. பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அருகிலுள்ள கடைகளை மூடவேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடும் என்று நம்புவதுதான் தவறு.

பிள்ளைகளிடம் இப்போது வந்திருப்பது

அப்பாவின் போதையும் பிள்ளையின் போதையும் இன்று ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது. ஆனால் பள்ளிப் பிள்ளையின் உதட்டுக்குள் 'கூல் லிப்' பொட்டலம் இருக்கிறது. 2024இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. அடுத்து கஞ்சா. அதற்கடுத்து வலி மாத்திரை. டாபென்டடால் போன்ற கடும் வலிநிவாரணிகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி, கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். ஒரே ஊசி பல கைகள் மாறும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே போகின்றன.

இருபத்தைந்து வயதையொட்டித்தான் மூளையில் நிதானிக்கும் பகுதி முழுமையடைகிறது என்கிறது மருத்துவம். பதினைந்து வயதில் தொடங்குபவர் அடிமையாகும் வாய்ப்பு இருபத்தைந்தில் தொடங்குபவரைவிட அதிகம். ஆகவே தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே ஒரு நாடு செய்யக்கூடிய பெரிய வேலை.

அதைச் செய்து காட்டிய நாடு ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. கஞ்சா பயன்படுத்தியவர்கள் 17லிருந்து 7 ஆகவும், தினமும் புகைப்பவர்கள் 23லிருந்து 3 ஆகவும் குறைந்தார்கள். பள்ளிகளில் தொடர்ந்து ஆய்வு நடத்தி, முடிவை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்குக் குடும்பங்களுக்குப் பணம் தந்தார்கள். பிள்ளைகள் இரவில் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். பெற்றோரைக் கூட்டிப் பேசவைத்தார்கள். சுருக்கமாக, பிள்ளைகளின் மாலை நேரத்தை நாடு பொறுப்பேற்றது. அது சில லட்சம் பேர் வாழும் பணக்கார நாடு. அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் மாலை நேரம் யார் கையில் என்ற கேள்வி நமக்கும் பொருந்தும்.

போர்ச்சுகல் வேறொரு பாடம். 2001 ஜூலை முதல் அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. மூவர் கொண்ட குழு ஒன்று அவரிடம் பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. விற்பவருக்கு மட்டும் சிறை தொடர்கிறது. ஊசி வழியே பரவிய எச்.ஐ.வி. அங்கே பெருமளவு குறைந்தது.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. காலனியில் ஒரு பையனிடம் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தால் முதலில் கிடைப்பது அடி, அடுத்தது வழக்கு. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கக்கூடிய குண்டர் சட்டத்தின் பட்டியலில் 'மருந்துக் குற்றவாளி'யும் உண்டு. ஒருமுறை காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிய பெயர் அரசு வேலைக்கான விசாரணை வரை பின்தொடரும். போதையிலிருந்து மீள்பவருக்கும் பதிவேட்டிலிருந்து மீள வழியில்லை.

சிகிச்சை என்பது எது?

குடியடிமை மன உறுதியின் குறைவு என்று நம்புகிறோம். அது நோய். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், பிதற்றல் வரும். சிலருக்கு உயிரே போகும். ஆகவே முதல் ஒரு வாரம், பத்து நாள் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். அறையில் பூட்டிவைப்பது சிகிச்சை அல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநோய்களையும் உள்ளடக்கியது. அந்தச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது. 'மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டி அடித்து உதைக்கும் இடங்களில் பிள்ளையைச் சேர்க்கும் முன், அதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

முன்சொன்ன தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். மரக்காணத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி 50 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு, வாரந்தோறும் யாரால் போகமுடியும்? மாறாக, சென்னையின் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை 1980களின் இறுதியிலிருந்து திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சிகிச்சை தந்து பார்த்திருக்கிறது. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்ட முகாம் அது. மருத்துவர் ஊருக்கு வரமுடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

நெல்லூர்ப் பெண்கள்

இதே வங்கக் கடலோரத்தில் வடக்கே போனால் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே மாலையில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சிதைந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. கூலிப் பெண்கள், அவர்களில் பெருந்தொகையினர் தலித் பெண்கள், அதை வாசித்துவிட்டுத் தம் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். துபகுண்டா என்ற ஊரில் ரோசம்மாவும் அவருடைய தோழிகளும் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் அது ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் சாராய ஏலத்தையே தடுத்தார்கள். 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

இதிலிருந்து நாம் இரண்டு பாடம் எடுக்கிறோம். பெண்கள் கூடிப் படித்த மாலை வகுப்பு ஓர் அரசையே அசைத்தது. ஆனால் அரசு தந்த சட்டத்தை அரசே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. ஊரில் நாம் கட்டிவைப்பதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கரையில் நாம் செய்யக்கூடியவை

மாணவர்களும் களப்பணியாளர்களும் கேட்பதற்காக, இங்கிருந்து தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலில் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் வழக்கறிஞர்கள் இதைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எழுப்ப வேண்டும். விற்பவரைத் தொடுவதற்கும் பிரிவுகள் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதும் குற்றம். விற்பனை பற்றிய புகாருக்கு 10581, சிகிச்சை ஆலோசனைக்கு 14446. இந்த இரண்டு எண்களையும் எல்லாச் சேரியின் சுவரிலும் எழுதலாம்.

இரண்டாவது சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் மனநல மருத்துவர் வரவேண்டும் என்று ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் தீர்மானம் போடுவோம். உப்பளம் ஓய்ந்திருக்கும் மழைக்கால மூன்று மாதத்தில் ஊருக்குள் சிகிச்சை முகாம் கேட்போம். கூலி இழக்காமல் ஒருவர் தங்கிச் சிகிச்சை பெறக்கூடிய காலம் அதுதான். வெடித்த காலுக்கும் போன இடுப்புக்கும் மருந்து கேட்பதும் போதை ஒழிப்பு வேலைதான். வலிக்கு வைத்தியம் கிடைக்கும் இடத்தில் சாராயத்துக்கு ஒரு காரணம் குறைகிறது.

மூன்றாவது மாலை நேரம். இரவுப் பள்ளி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. பறையடிக்கக் கற்பது, கால்பந்து, நூலகம், போட்டித் தேர்வு வகுப்பு என்று எதுவாகவும் இருக்கட்டும். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை பிள்ளைகள் கூட ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும். ஊராட்சியிடம் விளையாட்டுத் திடலும் விளக்கும் கேட்போம். மது வருவாயில் ஒரு பங்கை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே ஒதுக்கு என்பது நம் அரசியல் கோரிக்கையாக வேண்டும். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது, போதைப்பொருள் ஒழிப்பு மகளிர் மாநாட்டில் கூடிய பெண்களின் குரல், இந்தச் சிறிய கோரிக்கைகளாக ஒவ்வொரு ஊரிலும் தொடரவேண்டும்.

கடைசியாக நமக்கே ஒன்று. மீண்டு வந்த தோழரை மேடையேற்றுகிறோம். மறுபடி விழுந்தவரை ஒதுக்கிவிடுகிறோம். இந்த நோயில் மறுபடி விழுவது வழக்கம். சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் நாம் உறவை முறிப்பதில்லை. 'குடிகாரன்' என்ற சொல்லை ஊர் நம்மேல் எறியும்போது கொதிக்கிறோம். அதே சொல்லை நம் தெருவில், நம் வாயால், நம் பிள்ளையின்மேல் எறிவதை நிறுத்திவிட்டால் அவன் திரும்பி வரும் வழி திறந்திருக்கும்.

நினைவுநாளில் பூ வைத்துவிட்டுக் கலைவது நம் வழக்கம் அல்ல. இந்த உரையைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும், தம் தெருவில் நாளை மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். அங்கிருந்து சேர்ந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.